பையன் கன்னுக்குட்டி வளத்தோணும்ங்கறான், உடலாமா?

கோயமுத்தூர்ல குடியிருக்கோம், பையனுக்கு 9 வயசு, பாப்பாவுக்கு 5, சனி ஞாயிறும் பரீட்ச லீவும் காங்கேயத்துப் பக்கம் அப்புச்சி தோட்டத்துலதான், அங்க ஒரு மாடு இன்னும் ரெண்டு மாசத்துல கன்னு போடப்போகுது, அந்தக் கன்ன நாந்தான் வளத்துவேன், கண்காட்சிக்கும் நானே புடிச்சுட்டுப் போவேன்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கறான், அப்புச்சியும் தலையாட்டிட்டார், எனக்குத்தான் மாடு முட்டீருமோ, நோவு ஒட்டிக்குமோன்னு வெசனமா இருக்குதுன்னு கேட்டிருந்தீங்க அம்மணி. பாப்பாவும் அண்ணம் பின்னாடியே ஓடறா, அவள என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தீங்க.

நான் கால்நடை ஆய்வாளரா 26 வருசம் ஊரூரா சுத்துனவனுங்க. இப்ப தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல தோட்டத்துல இருக்கறேன், 4 மாடு, ஒரு பட்டி மேச்சேரி ஆடு, என்ற பேரப்பசங்க ரெண்டு பேரும் ஏறக்குறைய இதே வயசு. அதனால மனசுல பட்டதச் சொல்றேன். உடுங்க, தாராளமா உடுங்க. ஆனா கண்காட்சிய இப்பவே பேச்செடுக்காதீங்க, மொதல்ல பையனுக்கு ஒரு வேலையக் குடுங்க, தெனத்துக்கும் செய்யற ஒரே ஒரு சின்ன வேலை. ஆறு மாசம் அதச் செஞ்சான்னா கன்னு தானா அவன் பின்னாடி வரும், அதுக்கப்புறம் கண்காட்சிங்கறது அந்த ஆறு மாசத்த நாலு பேருக்கு முன்னாடி நடத்திக் காட்டறது, அவ்வளவுதான். வேலை இல்லாம கயித்த மட்டும் புடிக்கற பசங்களையும் நெறையப் பாத்திருக்கறேன், கன்னு ஒரு பக்கம் இழுக்கும், பையன் ஒரு பக்கம் இழுப்பான், அப்பன் பின்னாடி இருந்து வால முறுக்குவார், பாக்கவே சங்கடமா இருக்கும்.

இதுல ஒரு கஷ்டம் என்னன்னா நீங்க இருக்கறது கோயமுத்தூர். கன்னுக்கு சனி ஞாயிறு தெரியாதுங்க, திங்கக்கெழமையும் வெடியால பசிக்கும். அதனால பையங்கிட்ட இது உன்ற கன்னுன்னு சொல்லிப்போடாதீங்க, இது அப்புச்சியோட கன்னு, நீ அதுல பங்குக்காரன்னு சொல்லுங்க. வாரத்துல அஞ்சு நாள் அப்புச்சி பாப்பார், பையன் தெனம் பொழுதோட போன் போட்டு மூணு கேள்வி கேக்கோணும்: தண்ணி குடிச்சுதா, சாணி எப்படிப் போட்டுச்சு, மாடு அசை போடுதா. இந்த மூணையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதோணும். போன் பண்ண மறக்கற பையன் கன்னையும் மறப்பான், ஒரு மாசத்துல உங்களுக்கே தெரிஞ்சுபோகும், கன்னு இன்னும் பொறக்காத இந்த ரெண்டு மாசத்துலயே சோதிச்சுப் பாத்துக்கலாம், இப்ப தாய்மாட்டப் பத்திக் கேக்கட்டும்.

பாப்பாவுக்கு வாரேன். 5 வயசுப் புள்ளைக்குக் கோழி போதுங்க. கோழி மூடி வெக்கற கொடாப்பத் தூக்கி உடறதுக்கு ஆயாவோட போகட்டும், தண்ணிச்சட்டிய ரொப்பட்டும், முட்டை எடுக்கட்டும். அட வெச்சா 21 நாள், காலண்டர்ல அவளே தெனம் ஒரு கட்டம் அடிக்கட்டும். ஏழாம் நாள் ராத்திரி முட்டையக் கையில எடுத்து பின்னாடி இருந்து டார்ச் லைட் அடிச்சுக் காட்டுங்க, உள்ள செவப்பா நூல் நூலா ரத்தக்கொடி ஓடறது தெரியும், நடுவுல ஒரு புள்ளி அசையும். என்ற பேத்தி அதப் பாத்துட்டு அன்னைக்குப் பூரா சத்தம் போட்டுப் பேசவே இல்ல, முட்டை முழிச்சுக்கும்ங்கறா. குஞ்சு பொரிச்சதுக்கப்புறம் தாய்க்கோழிகிட்ட மட்டும் பாப்பாவத் தனியா உடாதீங்க, எகிறி மூஞ்சியத்தான் கொத்தும். குஞ்ச மூஞ்சியில வெச்சுக் கொஞ்சறது, முத்தம் குடுக்கறது வேண்டவே வேண்டாம், கோழி எச்சத்துல இருக்கற கிருமி சின்னப் புள்ளைகளுக்கு வயித்தாலப் போக்கக் குடுத்துரும், தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவறத அவ பாட்டாவே பாடி வெச்சுக்கட்டும். அப்பறம் குஞ்சுகளுக்கு ஒரு வாரத்துல வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டுருங்க, போடாம உட்டு ஒரே நாள்ல அத்தனையும் செத்துக் கெடந்தா புள்ள தாங்காது.

அமெரிக்காவுல பசங்க ஆடு மாடு வளத்திக் காட்டறதுக்குன்னே 4-ஹெச்னு ஒரு அமைப்பு இருக்குதுங்க, 1902ல ஒஹாயோ மாநிலத்துல ஆரம்பிச்சது, தலை, மனசு, கை, உடல்நலம் இந்த நாலுக்கும் இங்கிலீசுல ஹெச்தான் மொதல் எழுத்து, அதனால அந்தப் பேரு. அவிங்க 5ல இருந்து 7 வயசு வரைக்கும் இருக்கற புள்ளைகளுக்குப் போட்டியே வெக்கறதில்ல, முதலாவது ரெண்டாவதுன்னு சொல்றதில்ல, வந்தா எல்லாத்துக்கும் ஒரு ரிப்பன். போட்டியெல்லாம் 8 வயசுக்கு மேலதான். எனக்கு இது சரின்னுதான் படுது. உங்க பாப்பா தோத்துட்டோம்னு அழுகறதுக்கு இன்னும் நாள் இருக்குது, பையனுக்கு 9 வயசு ஆச்சு, தோக்கறதையும் பழகலாம்.

பையனுக்கு நேரா கன்னா, இல்ல மொதல்ல ஆட்டுக்குட்டியான்னு கேட்டா நான் ஆட்டுக்குட்டின்னுதான் சொல்லுவேன். பொறக்கறப்ப ரெண்டு கிலோ, ரெண்டரைக் கிலோதான், தூக்கலாம், மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது, மூணு மாசத்துல பால மறந்துரும், கண்ணு முன்னாடியே வளரும். பொட்டைக்குட்டியா குடுங்க. கெடாக்குட்டியப் பசங்க கையில குடுத்தா ஒரு கெட்ட பழக்கம் வந்துரும், அதப் பத்தி சித்தே விரிவாச் சொல்லோணும். குட்டி நெத்தியக் காட்டும், பையன் உள்ளங்கைய வெச்சுத் தள்ளுவான், அது திருப்பித் தள்ளும், பாக்க அழகா இருக்கும், வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க, செல்போன்ல வீடியோ எடுப்பாங்க. எட்டு மாசம் கழிச்சு அதே கெடா 25 கிலோ இருக்கும், மனுசனப் பாத்தாப் பயமே இருக்காது, தள்ளு விளையாட்டு மட்டும் ஞாபகம் இருக்கும். எங்க தோட்டத்துல அப்படிப் பசங்க புட்டிப்பால் குடுத்து வளத்தின கெடா ஒண்ணு, எங்கம்மா குனிஞ்சு வாசல் கூட்டிட்டு இருந்தப்ப பின்னாடி இருந்து இடிச்சுத் தள்ளி இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு, ஆறு மாசம் கட்டல்ல கெடந்தாங்க. கெடா மேல தப்பில்லைங்க, நாங்கதான் பழக்குனோம். அதனால ஆடானாலும் கன்னானாலும் நெத்தியில கை வெக்கக்கூடாது, தாடைக்குக் கீழயும் கழுத்துலயும் முன்னங்கால் சப்பைகிட்டயும் சொறிஞ்சு உடலாம். இத மொத நாளே சொல்லுங்க. காளங்கன்னுக்கும் இதேதான், தனியா புட்டிப்பால்ல வளர்ற காளங்கன்னு தன்னை மனுசன்னு நெனச்சுக்கும், வளந்தா மனுசங்கிட்டத்தான் மல்லுக்கு வரும்.

இனி கன்னு. அப்புச்சி வீட்டு மாடு காங்கேயம்னா பையனுக்கு ஒரு அதிசயம் காத்திருக்குதுங்க. கன்னு பொறக்கறப்ப செவப்பா இருக்கும், அஞ்சாறு மாசத்துல செவப்பு உதுந்து மயிலையா, சாம்பலும் வெள்ளையுமா மாறீரும். மாசம் ஒண்ணாந்தேதி ஒரே எடத்துல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, ஆறு போட்டோவ வரிசையா வெச்சுப் பாத்தான்னா அது ஒரே கன்னுன்னு கூடப் படிக்கற பசங்க நம்ப மாட்டாங்க. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையா காளையப் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்துத்தான் இந்த இனம் இந்த அளவுக்கு வந்துச்சு, கொறங்காடுங்கற மேய்ச்சக் காட்டுல கொழுக்கட்டைப் புல்லும் வேலங்காயும் தின்னு, கிளுவ வேலிக்குள்ள மேஞ்சு வளந்த மாடு, அந்தக் கதைய அப்புச்சி வாயால கொறங்காட்டுலயே நின்னு சொல்லட்டும், நாம ஊட்டுல உக்காந்து சொல்றத விட ஏறும்.

மாடு ஈனறப்பப் பையன் பாக்கட்டும், ஆனா படலுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கட்டும். கன்னு போட்ட காங்கேயம் மாடு ரெண்டு மூணு நாளைக்கு வேற மாடு மாதிரி, தெனம் தீனி போடற அப்புச்சியவே மொறைக்கும். நஞ்சுக்கொடி, ஈரம் எதையும் பசங்க வெறுங்கையில தொடக்கூடாது, பெரியவங்களும் உறை போட்டுத்தான் எடுக்கோணும், கன்று வீச்சு நோய்னு ஒண்ணு இருக்குது, மாட்டுல இருந்து மனுசனுக்கு வந்தா மாசக்கணக்கா காச்சலும் மூட்டு வலியும் படுத்தும், இதுவழியாவும் காச்சாத பால் வழியாவும்தான் வரும். கறந்த சூட்டோட குடிச்சா நல்லதுன்னு ஆயா டம்ளர நீட்டுனாலும் ஒரு கொதி வந்தப்புறம் குடுங்க ஆத்தான்னு நீங்க கட்டாயமாச் சொல்லோணும். பொறந்தது கெடாரிக் கன்னா, பொட்டைக் கன்னா இருந்தா 4 மாசத்துல இருந்து 8 மாசத்துக்குள்ள அந்த நோவுக்கு ஆயுசுக்கும் ஒரே ஊசி, மறக்காமப் போட்டுருங்க.

பையனோட மொத வேலை சீம்பால் கணக்கு. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள மொத சீம்பால் உள்ள போகோணும், நஞ்சு உழுகட்டும்னு சில ஊட்டுல காத்திருப்பாங்க, அது தப்புங்க, நேரம் ஆக ஆக அந்தப் பால்ல இருக்கற எதிர்ப்புச் சக்திய கன்னோட குடல் உள்ள வாங்காது. ஒரு நாளைக்கு எடையில பத்துல ஒரு பங்கு, 20 கிலோ கன்னுக்கு 2 லிட்டர், அதப் பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கோணும். எடை எப்படித் தெரியும்? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சச் சுத்தி எத்தன இஞ்ச், முன்னங்கால் சப்பை முனையில இருந்து பின்னாடி இடுப்பெலும்பு முனை வரைக்கும் நீளம் எத்தன இஞ்ச், நெஞ்சளவ நெஞ்சளவாலயே பெருக்கி, நீளத்தாலயும் பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வந்துரும். நெஞ்சு 26, நீளம் 22னா ஏறக்குறைய இருபத்திரெண்டரைக் கிலோ. என்ற பேரன் பெருக்கல் கணக்கு வராதுன்னு அழுதவன், மாசம் ஒருக்கா இந்தக் கணக்கப் போட்டு நோட்டுல எழுதி எழுதி இப்ப மனசுலயே போடறான். பொறந்து 10, 15 நாள்ல மொதல் பூச்சி மருந்து, அப்பறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கா, எடைக்குத்தான் மருந்து, அதனால அந்த எடை நோட்டு சும்மா விளையாட்டுக்கு இல்ல, டாக்டர் கேட்டா எடுத்துக் காட்டலாம்.

கட்டுத்தரைக்குள்ள சில விசயம் கட்டாயம். மாட்டுக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கமும் இருக்கறதால சுத்தியும் தெரியும், நேர் பின்னாடி மட்டும் தெரியாது, அங்க இருந்து ஒரு சின்ன உருவம் திடீர்னு வந்து தொட்டா அது யோசிக்காது, ஒதைக்கும். அதனால பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே முன்னங்கால் சப்பைப் பக்கமா போகோணும், ஓடக்கூடாது, கத்தக்கூடாது. தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல நிக்கக்கூடாது. பொலிகாளை கட்டியிருக்கற பக்கம் எத்தன வருசம் பழகுன காளையா இருந்தாலும் பசங்க போகவே கூடாது, இதுல சமாதானமே கெடையாது. கால்ல ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும், மாட்டுக் குளம்பு செருப்பு மேல ஏறுச்சுன்னா நகம் போயிரும்.

கயிறு விசயம்தான் எல்லாத்துக்கும் மேல. என்ற தம்பி பையனுக்கு அப்ப 10 வயசு, கன்னு இழுக்குதுன்னு கயித்த மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டான். ரோட்டுல ஒரு பைக் சைலன்சர் வெடிச்ச மாதிரி சத்தம் போட்டுட்டுப் போச்சு, கன்னு மெரண்டு ஓட, பையன் இருபது முப்பது அடி தரையோட தேஞ்சுக்கிட்டே போனான். மணிக்கட்டு ஒடஞ்சு, முழங்கை தோலுரிஞ்சு, இன்னைக்கு 30 வயசு ஆச்சு, அந்தக் கை முழுசா மடங்காது. கயித்தக் கையிலயோ இடுப்புலயோ சுத்தவே கூடாது, மடிச்சு மடிச்சு உள்ளங்கையில புடிக்கோணும், கன்னு இழுத்தா உட்டுரோணும். உட்டா ஓடிப்போயிருமேன்னு பையன் கேப்பான். ஓடட்டும், புடிச்சுக்கலாம், கன்னு எங்க போயிரும், தாய்கிட்டத்தான் போகும். கயித்த உட்டதுக்காக அவன யாரும் திட்டக்கூடாதுன்னு அப்புச்சிகிட்டயும் சொல்லி வைங்க.

தீனியில பசங்க பண்ற தப்பு பாசத்துல வர்றது. பட்டிப் பொங்கலுக்கு அடுத்த நாள் எனக்கு வர்ற போன்ல முக்காவாசி வயிறு உப்புசம்தான், ஊட்ல இருக்கற ஒவ்வொரு புள்ளையும் ஒரு உருண்டப் பொங்கல் ஊட்டும், ஒறம்பரைப் பசங்க வேற, வாழப்பழம், கரும்பு, பழைய சோறு எல்லாம் சேந்து மாட்டு வயித்துல புளிச்சு மாடு படுத்துரும், உயிரே போன மாடும் உண்டு. சாங்கியத்துக்கு ஒரு வாய் போதும். அதே மாதிரி காட்டுல சோளப்பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையா நிக்கறதப் பாத்து ஆசையா புடுங்கிப் போட்டுருவாங்க, இளஞ்சோளத்துலயும் அறுத்தப்புறம் தழையற மறுதாம்புலயும் விசம் இருக்குது, கொஞ்ச நேரத்துல மாட்டச் சாச்சுரும். எதப் போடறதா இருந்தாலும் அப்புச்சியக் கேட்டுட்டுப் போடோணும்னு ஒரே வரி போதும்.

நோவு ஒட்டிக்குமான்னு கேட்டீங்க. ஒட்டறது கொஞ்சம் இருக்குது, படர்தாமரை, ஆட்டு வாயில வர்ற புண்ணு, எலிக்காச்சல், எல்லாத்துக்கும் கை கழுவறதும் புண்ணு இருந்தா மூடிக்கட்டறதும் தேங்குன மூத்திரத் தண்ணியில வெறுங்கால் வெக்காததும் பெரும்பாலும் போதும். ஒண்ணே ஒண்ணுதான் பயப்படோணும். எச்சில் ஒழுக உட்டுட்டு, முழுங்க முடியாம, ஒரு மாதிரியாக் கத்தற மாட்டு வாயில தொண்டையில என்னமோ சிக்கியிருக்குன்னு கைய உடக்கூடாது, பசங்கன்னு இல்ல பெரியவங்களும் உடக்கூடாது, அது வெறிநோவா இருக்கலாம், நாய் கடிச்சது நமக்குத் தெரியாமயே இருந்திருக்கும். எச்சில் பட்டுட்டா சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோணும். மாட்டுக்கு அவசரம்னா 1962ன்னு போன் போட்டா கால்நடை ஆம்புலன்ஸ் பத்தி வழி சொல்லுவாங்க, அந்த நம்பரக் கட்டுத்தரைச் செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வைங்க.

பசங்க பக்கத்துல இருந்தா ஆபத்துன்னு மட்டும் நெனைக்காதீங்க. எங்க பக்கத்துத் தோட்டத்துப் புள்ள ஒண்ணு, 8 வயசு, பள்ளிக்கூடம் உட்டு வந்தா மாட்டுக்கு முன்னாடி உக்காந்து அசை போடறத எண்ணும். தொண்டையில ஒரு உருண்டை மேல ஏறி வர்றது கழுத்துல தெரியும் பாருங்க, அங்க இருந்து ஆரம்பிச்சு, 40, 50 தடவ மெல்லும், முழுங்கும், சித்தே நிக்கும், அடுத்த உருண்டை வரும். ஒரு நாள் அந்தப் புள்ள வந்து, தாத்தா இன்னைக்கு உருண்டையே வர்லீங்கன்னுச்சு. மாடு நல்லா நின்னுட்டுத்தான் இருந்துச்சு, அவிங்கய்யனுக்கு ஒண்ணும் தெரியல. நான் போய்ப் பாத்தா காச்சல், அடுத்த நாள் மடியில வீக்கம், மடிநோவு. ஒரு நாள் முன்னாடியே மருந்து போனதால காம்பு தப்பிச்சுது. 26 வருசம் வேலை பாத்த நான் நடந்து போறப்ப அதக் கவனிச்சிருக்க மாட்டேன், எண்ணிட்டு இருந்தது அந்தப் புள்ளதான்.

இப்ப கண்காட்சி. பெரிய சந்தைகளான கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரத் தேருக்கும் அந்தியூர் குருநாதசாமி ஆடித் தேருக்கும் பையனக் கூட்டிட்டுப் போங்க, ஆனா மொத வருசம் கன்ன ஓட்டிட்டுப் போகாதீங்க, சும்மா பாக்கப் போங்க. கண்ணபுரத்துல காங்கேயம் மாடு, அந்தியூர்ல குதிரை, பர்கூர் மலைமாடு எல்லாம் வரிசையா நிக்கும், அங்க ஒரு யாவாரி சுழி பாக்கறதையும், பல்லப் புடிச்சு வயசு சொல்றதையும், துண்டுக்கடியில வெரலப் புடிச்சு வெல பேசறதையும் பையன் பக்கத்துல நின்னு பாக்கட்டும். சித்திர வெயில் கொளுத்தும், வெடியாலயே போய்ட்டு பத்து மணிக்கெல்லாம் திரும்பீருங்க.

பையன் கன்னோட மொதல் மொதலா நிக்கறதுக்கு உங்க ஊருக்கே வர்ற கால்நடை மருத்துவ முகாம்தான் சரியான எடம். கூட்டம் கம்மி, கடைசியில கெடாரிக் கன்னுகள நிறுத்தி நல்லா வளத்தினதுக்குப் பரிசு குடுப்பாங்க, பெரும்பாலும் ஒரு பாத்திரமா இருக்கும். பல முகாம்ல சினை ஊசி போட்டுப் பொறந்த கன்னுகளத்தான் எடுப்பாங்க, அதனால உங்க ஊர் டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, கடைசி நேரத்துல இது சேராதுன்னா பையன் மனசு ஒடஞ்சுரும். நான் அங்க நின்னு கன்னு பாத்தவன்ங்கறதால சொல்றேன், மொதல்ல கண்ணு போறது மயிர்லதான். படிஞ்சு மினுமினுன்னு இருக்கோணும், சிலுத்துக்கிட்டு நின்னா உள்ள பூச்சி இருக்குது. வயிறு மட்டும் பானையா, முதுகு ஒட்டி இருந்தாலும் அதேதான். தொப்புள் காஞ்சிருக்கோணும், காதுக்குள்ளயும் வாலடியிலயும் உண்ணி இருக்கக் கூடாது, குளம்பு ஒரே மட்டமா இருக்கோணும். அப்பறம் பையனப் பாத்து, கன்னுக்கு எத்தன மாசம், என்ன ஊசி போட்டிருக்குதுன்னு கேப்பேன். அப்பனப் பாக்காம பதில் சொல்ற புள்ளையக் கண்டா எனக்கு மனசு நெறஞ்சுரும்.

பழக்கறதுக்குப் பரீட்ச லீவு ரெண்டு மாசம் போதும். மொத வாரம் தலைக்கயிறு மட்டும் போட்டு சும்மா உடோணும். அடுத்து முளைக்குச்சியில அஞ்சு பத்து நிமிசம் கட்டி, பையன் பக்கத்துல உக்காந்து தேச்சு உடோணும், நாரு பிரஷ்ஷோ வைக்கோல் பிரியோ போதும். இழுத்து இழுத்து அது ஓஞ்சு, கயிறு தளந்து நிக்கற நிமிசத்துல அவுத்து உடோணும், இழுத்துக்கிட்டு இருக்கறப்ப அவுத்தா இழுத்தா உட்டுருவாங்கன்னு படிச்சுக்கும். அப்பறம் நடை, முன்னாடி நின்னு இழுக்காம கழுத்துக்குப் பக்கத்துல நடக்கோணும், நாலடி வந்தா நிறுத்தித் தட்டிக் குடுக்கோணும். கடைசி ரெண்டு வாரம் ரேடியோ பாட்டு, பைக் சத்தம், கொடை விரிக்கறது எல்லாத்தையும் தூரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல கொண்டு வாங்க. முகாம் அன்னைக்கு ரெண்டு கயிறு, ஒண்ணு பையங்கிட்ட, இன்னொண்ணு கட்டாயம் ஒரு பெரியவர் கையில. முந்தின நாள் குளிப்பாட்டுனா போதும், கொம்புக்கு பெயிண்ட், வயிறு நெறஞ்சு தெரியறதுக்கு உப்புத்தண்ணி புகட்டறது இதெல்லாம் யாராவது சொல்லிக் குடுத்தா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னுருங்க, உப்புத்தண்ணி புகட்டி நுரையீரலுக்குள்ள போய் செத்த கன்ன நான் அறுத்துப் பாத்திருக்கறேன். கோமாரி, தோல்ல கட்டி கட்டியா வர்ற மாட்டுப் பெரியம்மை ஊசியெல்லாம் மூணு நாலு வாரம் முன்னாடியே போட்டிருக்கோணும், திரும்பி வந்தப்புறம் ரெண்டு வாரம் மத்த மாட்டோட சேக்காம அக்கட்டாலக் கட்டுங்க.

இன்னொண்ணு இருக்குது, நீங்க கேக்கல, நானாச் சொல்றேன். பொறக்கறது காளங்கன்னா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஆட்டுக்குட்டியா இருந்தா எப்ப விப்பீங்க? இத இப்பவே பையங்கிட்டப் பேசுங்க.

எனக்கு 10 வயசு இருக்கறப்ப ஒரு வெள்ளாட்டுக்குட்டி, தாய் செத்துப்போய் நாந்தான் மாட்டுப்பால் ஊட்டி வளத்தினேன், பள்ளிக்கூடம் உட்டு வந்தா வேலிக்கடவுலயே வந்து நிக்கும். ஒரு நாள் வந்து பாத்தா முளைக்குச்சியும் கயிறும் மட்டும் கெடந்துச்சு. அக்கா கல்யாணத்துக்குப் பணம் பத்தலைன்னு எங்கய்யன் வித்துட்டார். அழுவான்னுதான் நான் இல்லாத நேரமாப் பாத்து புடிச்சுக் குடுத்தார், அவர் மேல தப்புன்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன், கல்யாணம் நடக்கோணுமே. ஆனா அந்தக் கயித்துல இன்னும் ஈரம் இருந்துச்சு, தாளியில பாதித் தண்ணி இருந்துச்சு, அது எனக்கு 50 வருசம் ஆகியும் மறக்கல. யாராவது சொல்லியிருந்தா அன்னைக்குக் காலையில கொஞ்சம் வேலந்தழை ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

அதனால என்ற பேரங்கிட்ட குட்டி பொறந்த வாரமே சொல்லிட்டேன், பொட்டைன்னா இருக்கும், கெடான்னா ஆடி நோம்பிக்கு விப்போம், விக்கற நாள் உனக்கு ஒரு வாரம் முன்னாடி தெரியும், யாவாரிகிட்ட நீயும் வந்து நிக்கலாம், பணத்துல ஒரு பங்கு உன்ற பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போடுவோம்னு. கறிக்குத்தான் போகும்ங்கறதையும் மறைக்கல, அவன் கேட்டான், சொன்னேன். அழுதான், ரெண்டு நாள் கறி திங்கல, மூணாம் நாள் பட்டிக்கு வந்து அடுத்த குட்டிக்குத் தண்ணி காட்டுனான். சில புள்ளைக வேண்டாம்னு நின்னுக்கும், அதுவும் சரிதான், அந்த மாதிரிப் புள்ளைக்கு கெடாரிக் கன்னோ பொட்டைக்குட்டியோ மட்டும் குடுத்தாப் போதும்.

உங்க மாடு ஈனறதுக்கு ரெண்டு மாசம் இருக்குதுன்னீங்க. இந்த சனிக்கெழம போறப்ப பையங்கையில ஒரு நோட்டும் தையல் டேப்பும் குடுத்து அனுப்புங்க, தாய்மாட்டயே அளந்து பழகட்டும், அது பசங்க கைபட்டா நிக்குமான்னு அப்புச்சிக்குத் தெரியும், நிக்காதுன்னா ஆட்ட அளக்கட்டும். கன்னுக்குத் தலைக்கயிறு இப்பவே வாங்கி வெச்சுருங்க, கடையில பளபளன்னு நைலான் கயிறு எடுத்துக் குடுப்பாங்க, வேண்டாம், மெரண்டு இழுத்தா சின்னப் பையன் உள்ளங்கையக் கிழிச்சுரும், பருத்தி நூல் கயிறு, பையன் கட்டைவிரல் தடிமன்ல, ஆறடி போதும்.